பெட்டியைப் பார்த்தவர்கள் இடாப்பைப் பார்த்தார்களா?

தேர்தற் காலம் வந்துவிட்டால் வெளிநாட்டார் இலங்கையில் வந்து இறங்குவது வழமையாகிவிட்டது. 2019 இல் வந்தனர். 2024 இல் வந்தனர். ஐரோப்பிய ஒன்றியத்தார் ஒருபுறம், பொதுநலவாயத்தார் மறுபுறம். பெட்டி முத்திரையிடப்பட்டிருக்கின்றதா, மறைப்புக்குள்ளே வாக்காளன் தனித்து நிற்கின்றானா, எண்ணும் மேசையருகே முகவர்கள் இருக்கின்றனரா எனப் பார்த்துக் குறித்துக்கொள்கின்றனர். நன்று. அவர்களைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால், மலையகத்திலே தேர்தல் களவுபோனது பெட்டியிலன்று, இடாப்பிலே. அக்களவு இரவிலே நடந்ததுமன்று. பட்டப்பகலிலே, பாராளுமன்றத்திலே, கைகளை உயர்த்தி நடத்தப்பட்டது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலை நினைவிற் கொள்வோம். இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவிலே தொண்டமான், தலவாக்கலையிலே சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையிலே குமாரவேலு, மஸ்கெலியாவிலே மோத்தா. கொழுந்து பறித்த கைகள் புள்ளடியிட்டு அனுப்பிய பிரதிநிதிகள் அவர்கள். வேறு பல தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணை நின்றது. ஆட்சியாளருக்கு இது பொறுக்குமா? 1948 இல் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்தது. முன்னது ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றவராக்கியது. பின்னது அவர்களுடைய பெயர்களை இடாப்பிலிருந்து துடைத்தது. அவ்வேளை அமைச்சரவையிலே தமிழரும் இருந்தனர் என்பதை எழுதப் பேனா கூசுகின்றது.

இந்தச் சட்டத்தின் மை உலருமுன்னரே, 1950 சனவரியிலே, கொழும்பில் ஒரு மாநாடு கூடிற்று. பிரித்தானியாவின் பெவின் வந்தார். கனடாவின் பியர்சன் வந்தார். அவுஸ்திரேலியாவின் ஸ்பெண்டர் வந்தார். இந்தியாவின் நேருவும் வந்தார். ஆசிய நாடுகளுக்கு உதவி வழங்கும் கொழும்புத் திட்டம் அம்மாநாட்டிலேதான் கருக்கொண்டது. அத்திட்டத்தின் புலமைப்பரிசிலாற் கடல் கடந்து படித்துவந்த பொறியியலாளரும் மருத்துவரும் நம் வாசகர் குடும்பங்களிலே பலர் உளர். உதவி நல்லதே. ஆயினும் அவ்வுதவிக்கு வாக்குரிமை ஒரு நிபந்தனையாக வைக்கப்படவில்லை. சனநாயகத்தைக் காக்கவும் பொதுவுடைமையைத் தடுக்கவுமே உதவி என்று உலகுக்குச் சொன்ன அதே கனவான்கள், மாநாட்டு மண்டபத்திலிருந்து ஒரு நாட் பயணத்திலே, சனநாயகத்தின் வேர் அறுக்கப்பட்டுக் கிடந்ததைக் கண்டு வாய் திறக்கவில்லை.

வாய் திறவாததோடு நின்றதா? சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையினரைக் காக்கும் அரண் என்று நம்பிய கோடகன் பிள்ளை என்னும் வாக்காளர் நீதிமன்றம் ஏறினார். வழக்கு இலண்டன் வரை சென்றது. 1953 இல் அங்கே கோமறைக் கழகம், தன் குடிமக்கள் யாவரென வரையறுப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான வேலையே என்று கூறிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அரணைக் கட்டிக் கொடுத்தவனே அதிலே வாசல் இல்லை என்று சொன்ன கதை இது.

1952 தேர்தலுக்கு முன்னர் காங்கிரசார் கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தனர். பயன் விளையவில்லை, ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. இதில் ஒரு கொடுமையை வாசகர்கள் ஊன்றி நோக்கவேண்டும். தொகுதிகள் பிரிக்கப்பட்டது 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி. அதில் தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவரும் எண்ணப்பட்டிருந்தார். தலைகள் எண்ணப்பட்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அந்தத் தலைகளுக்குரிய வாக்கு பறிக்கப்பட்டது. ஆசனமோ அப்படியே இருந்தது! அயலிலிருந்த சிறு தொகை வாக்காளர் தம் வாக்கோடு அயலவர் பலரின் பலத்தையும் சேர்த்து அளித்தனர். 1952 இலோ 1956 இலோ மலைநாட்டுச் சாவடியொன்றிலே வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்? பெட்டி முத்திரை சரி, வரிசை சரி, எண்ணிக்கை சரி என்றே எழுதியிருப்பார். அத்தனையும் உண்மையாகவும் இருந்திருக்கும்.

இந்தியா பேசவில்லையா என்பீர்கள். பேசிற்று, கதவை அடைத்துக்கொண்டு பேசிற்று. 1964 ஒக்டோபரிலே சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதரைக் கணக்கிலே எடுத்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் உனக்கு, 3 இலட்சம் எனக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர் பார்ப்போம் என்று பங்கிட்டனர். 1974 இல் அந்த எச்சமும் பாதி பாதியாகப் பிரிந்தது. மாட்டுச் சந்தையிலேகூட விற்பவன் மாட்டின் வயதைக் கேட்பான். பிரட்டுக்களத்திலே நின்றவரிடம், நீ எந்த மண்ணிலே வாழ விரும்புகின்றாய் என்று எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. இது மறைவு இராசதந்திரம். நாம் வேண்டுவது இதன் மறுதலை. வெளிப்படையாக, மக்கள் காதிலே விழும்படி, அவர்கள் மொழியிலே பேசும் இராசதந்திரத்தையே வேண்டுகின்றோம். 1948 இலே தொடங்கிய நாடற்ற நிலை சட்டத்திலே முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இடையிலே மலைநாட்டுக்குப் பெருந்தொகை வெளிநாட்டுப் பணம் வந்த காலமொன்றுண்டு. கொத்மலை அணைக்குச் சுவீடன் கொடுத்தது. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா கொடுத்தது. அணைகள் எழுந்துகொண்டிருந்தபோதே, 1982 டிசம்பர் 22 ஆம் நாள், பொதுத் தேர்தலுக்குப் பதிலாக விளக்கும் குடமும் சின்னங்களாகச் சர்வசன வாக்கெடுப்பொன்று நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை 6 ஆண்டுகளுக்கு நீட்டினார் ஜே. ஆர். ஜயவர்த்தனா. உதவி நின்றதா? நிற்கவில்லை. 1985 இல் தாட்சர் அம்மையாரே நேரில் வந்து விக்டோரியாவைத் திறந்து வைத்தார். சீமெந்துக்கு அளவு பார்த்தவர்கள் வாக்குச் சீட்டுக்கு அளவு பார்க்கவில்லை.

பழங்கதை என்று தள்ளுவோருக்கு அண்மைய கதை சொல்வோம். தோட்டப் புறத்திற்கு உள்ளூராட்சி என்பது நெடுங்காலம் பெயரளவிலேயே இருந்தது. தோட்டம் தனியார் நிலம் என்று காட்டி, பிரதேச சபை அங்கே ஒரு பாதை போடவும் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் இடையூறாக நின்றது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. அந்த ஆண்டிலேயே, அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பெருஞ் சபைகளிலிருந்து மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் பிரிந்து முதற் தேர்தலைக் கண்டன. இரண்டாவது தேர்தல் 2023 மார்ச் 9 இல் வரவேண்டியது. திறைசேரியிலே பணமில்லை என்று நிறுத்தினர். மார்ச் 19 நள்ளிரவோடு சபைகள் கலைந்தன. மறுநாள், மார்ச் 20 இலே, சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு ஒப்புதல் அளித்தது! வரி எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு என்று அங்குலம் அங்குலமாக நிபந்தனை வகுத்த ஏட்டிலே, தேர்தலை நடத்து என்ற ஒரு வரி இல்லை. அது எம் வேலையன்று என்பது நிதியத்தின் மறுமொழி. ஏழையின் மின்விளக்கு அவர்கள் வேலை, ஏழையின் வாக்கு அவர்கள் வேலையன்று போலும்! அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டிலே தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே 6 இலேதான் நடந்தது. இரண்டாண்டுக்கு மேலாக அந்தப் புதிய சபைகளிலே மக்கள் தெரிந்தெடுத்த ஒருவருமில்லை.

வடக்கிலே வெங்காயமும் புகையிலையும் வைக்கும் கமக்காரர் இதனைப் படித்துவிட்டு, மலையகத்தின் முறைப்பாடு நமக்கென்ன என்று தாளைத் திருப்பவேண்டாம். வட மாகாண சபையும் மத்திய மாகாண சபையும் 2018 ஒக்டோபரிலே ஒருங்கே காலாவதியாயின. இரண்டுக்கும் 2025 இலும் தேர்தல் நடத்தப்படவில்லை. உங்கள் குளத்திற்கும் கமச்சேவைக்கும் கேள்வி கேட்க ஆளில்லாத அதே நோய்தான் இது.

ஒரு நாட்டின் தேர்தலிலே பிற நாட்டவர் தலையிடுவது இறைமைக்கு இழுக்கு என்று தென்னிலங்கையிலே முழங்குவோர் உளர். கடன் வாங்கும்போது உறங்கும் இறைமை, வாக்கைப் பற்றிக் கேட்டவுடன் விழித்துக்கொள்வது விந்தையே. அமெரிக்க அரசோ வேறு வகையிலே கதவைச் சாத்திற்று. உதவி நிறுவனமாகிய யு.எஸ்.எயிட்டைக் கலைத்த கையோடு, 2025 ஜூலையிலே, பிறநாட்டுத் தேர்தல்களின் நேர்மையைப் பற்றிப் பொதுவிலே கருத்துக் கூறவேண்டாம் எனத் தன் தூதுவர்களுக்குப் பணித்தது. தலையிட்டுக் கெடுத்த வரலாறு வாசிங்டனுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. கெடுத்தவன் திருந்துவதற்கு வழி ஊமையாவதன்று.

உதவியை வெட்டு, சலுகையைப் பறி என்று கூக்குரலிடவும் நாம் ஒருப்படோம். 2010 ஓகஸ்டிலே ஐரோப்பிய ஒன்றியம் தீர்வைச் சலுகையைத் திரும்பப் பெற்று, 2017 மே மாதத்திலே மீள அளித்தது. இடையிலே அமைச்சர் எவரும் பட்டினி கிடக்கவில்லை. ஆடைத் தொழிற்சாலையிலே வேலை செய்யும் மலையகத்துப் பெண்ணின் தலைமீதுதான் அத்தகைய அடி விழும். ஆனால் சொல்லுக்கு வலுவுண்டு. தேர்தற் செலவுக்கு வரம்பு வேண்டுமென 2019 இலே அதே ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு எழுதிற்று. உள்நாட்டு அமைப்புகளும் கேட்டன. 2023 இலே சட்டம் வந்தது. எனவே கண்காணிப்பாளர் வாக்கெடுப்புக்குச் சில வாரம் முன்னர் வந்தாற் போதாது. இடாப்புத் திருத்தப்படும் மாதத்திலே வரட்டும். லயத்திலே பல குடும்பத்திற்கும் தனி முகவரியில்லை, கடிதம் தோட்டக் காரியாலயம் வழியாக வருகின்றது, அங்கே இடாப்புக்கான படிவம் எவர் கைக்குப் போய்ச் சேர்கின்றது என்று பார்க்கட்டும். எல்லை வகுக்கும் குழு அமரும்போது வரட்டும். தேர்தல் தள்ளிப்போடப்படும் நாளிலே வரட்டும். அன்றுதான் அவர்களுக்கு உண்மையான வேலை.

உதவியே தேர்தலைக் கெடுக்கும் வழியொன்றும் உண்டு. 2017 மே 12 இலே நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் மோடி, முன்னர் அறிவித்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்றார். 2025 நவம்பர்ப் புயலிலே மலைச்சரிவுகள் சரிந்தபின் மேலும் உதவிகள் வந்தன. நன்றியோடு ஏற்போம். ஆனால் இத்தகைய வேலைகளுக்குரிய அமைச்சு நெடுங்காலம் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்கள் கையிலேயே மாறி மாறி இருந்தது. சந்தா வாங்குபவனும், வாக்குக் கேட்பவனும், வீட்டுப் பட்டியல் எழுதுபவனும் ஒருவனாயிருந்தால், 7 பேர்ச் நிலத்துக்கு ஏங்கும் தொழிலாளி எந்தத் துணிவிலே மறைப்புக்குள் தனித்து நிற்பான்? பயனாளிகளின் பெயரும், தெரிவு செய்த முறையும், முறையிட வேண்டிய இடமும் ஒவ்வொரு தோட்டத்திலும் தமிழிலே எழுதி ஒட்டப்படவேண்டும். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வாக்கெண்ணும் நாள்வரை சாவி கையளிக்கும் விழா நடத்தலாகாது. பணம் கொடுப்பவர் இவற்றைக் கேட்டால் எந்த இறைமையும் குறைந்துவிடாது.

கண்டியிலே இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயம் இருக்கின்றது. அட்டனிலும் நுவரெலியாவிலுமுள்ள சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் இம்மாதத்திலேயே கையொப்பமிட்டு இக்கோரிக்கையை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். பிரதியொன்றை ஐரோப்பிய ஒன்றியத் தூதுவருக்கும் அனுப்பலாம். கிடைக்கும் மறுமொழியை, மறுமொழி கிடையாவிடின் அதனையும், இப்பத்திரிகையிலே வெளியிடுவோம்.