கைக்கேற்ற உலாவி

எங்கோ ஒரு சர்வரில் கிடக்கும் பக்கத்தைக் கொண்டுவந்து, எழுத்தாகவும் படமாகவும் திரையில் விரித்துக் காட்டுவது உலாவியின் வேலை. மின்கட்டணம் கட்டுவது, செய்தி படிப்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, பிள்ளையின் தேர்வு முடிவைப் பார்ப்பது என்று கைபேசியில் நடக்கும் பல காரியங்கள் அதன் வழியாகத்தான் நடக்கின்றன. ஒரு புடவைக்காக தியாகராய நகரில் நான்கு கடை ஏறி இறங்கும் ஊர் சென்னை. ஆனால் உலாவியை அப்படித் தேடித் தேர்ந்தவர்கள் மிகக் குறைவு. போன் வாங்கியபோது எது உள்ளே இருந்ததோ அதுவே நிலைத்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு என்றால் குரோம், ஐபோன் என்றால் சஃபாரி, சாம்சங் என்றால் குரோமோடு சாம்சங் இன்டர்நெட்டும்.

இப்படி முதலிலேயே உள்ளே உட்கார்ந்துகொள்ளும் இடத்துக்குப் பெரிய விலை உண்டு. சஃபாரியில் கூகுள் தேடலே இருக்க வேண்டும் என்பதற்காக 2022 ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்கு கூகுள் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர் என்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குரோம் உள்ளிட்ட கூகுள் செயலிகளை ஒரே மூட்டையாகப் போனில் ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023 மார்ச்சில் அந்த அபராதத்தை உறுதிசெய்தது. யாரும் மாற்றமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை பணம் கைமாறுகிறது.

தேர்வதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி: கடையில் இருக்கும் உலாவிகள் பல, அவற்றுக்குள் ஓடும் எஞ்சின் மூன்றுதான். கூகுள் 2013-ல் பிரித்தெடுத்து வளர்த்த பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. ஆண்ட்ராய்டில் குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே பிளிங்க்கில் ஓடுகின்றன. ஃபயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ. இந்தியாவில் விற்கும் ஐபோனில் எந்தப் பெயரில் உலாவியை இறக்கினாலும் உள்ளே இருப்பது வெப்கிட்தான். இந்த நிபந்தனையை ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆப்பிள் 2024 மார்ச்சில் தளர்த்தியது. அதனால் ‘எல்லாவற்றையும் விட வேகம்’ என்ற விளம்பரத்துக்கு அதிகம் மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரே எஞ்சின் ஓடும் இரண்டு உலாவிகளுக்குள் வேகம் வித்தியாசப்பட்டால், பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒன்று விளம்பரத்தைத் தடுக்கிறது, மற்றது தடுக்கவில்லை என்பதே. மீதியெல்லாம் பழக்கத்தைப் பொறுத்த விஷயம்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரே வீட்டுக்குள் எத்தனை பழக்கங்கள் இருக்கலாம் என்று பார்க்கலாம். காலை நடை முடித்து வந்து நாலு தமிழ் நாளிதழ்களைப் போனிலேயே படித்துவிடும் ஓய்வுபெற்ற தாத்தா. மெட்ரோவுக்காகத் தோண்டிய கிரீன்வேஸ் சாலை நெரிசலில், ஆட்டோவில் உட்கார்ந்தபடியே சொத்துவரியும் மின்கட்டணமும் கட்டி முடிக்கும் மகள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் போனுக்குக் கை நீட்டும் பேரன். மூவருக்கும் ஒரே உலாவி பொருந்தாது.

தமிழ் படிப்பவருக்கு உலாவி என்பது ஒரு காலத்தில் வாழ்வா சாவா என்ற பிரச்சினை. நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்த நாட்களில் ஒரு தளத்தின் தமிழ் இன்னொரு தளத்தின் எழுத்துருவில் குழம்பிப்போகும். யூனிகோட் பரவிய பிறகும் கைபேசியில் சிக்கல் தீரவில்லை. அன்றைய பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தெரிந்தவற்றிலும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. அப்போது கைகொடுத்தது ஓபரா மினி. 2006 தொடக்கத்தில் உலகெங்கும் வெளிவந்த இந்த உலாவி, பக்கத்தைப் போனில் வரைவதில்லை. நிறுவனத்தின் சர்வரே பக்கத்தை வாங்கிச் சுருக்கி அனுப்பும். முகவரிப் பட்டையில் ‘ஓபரா’, முக்காற்புள்ளி, ‘கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு மறைவான அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாக அனுப்பும்படி ஒரு வரியை மாற்றிவிட்டால், எழுத்துரு இல்லாத போனிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும். இந்த ஒரு வரியை நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துத்தான் தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை கைபேசியில் தமிழ் படித்தது. தமிழ்க் கணிமையின் வரலாற்றில் இந்தச் சின்ன உபாயத்துக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும்.

இன்று எல்லா உலாவியிலும் தமிழ் சரியாகவே தெரிகிறது. எழுத்தின் அளவும், அதைச் சூழ்ந்து மறைக்கும் விளம்பரமும்தான் இப்போதைய இடையூறு. கண் மங்கியவருக்கு முதல் மருந்து உலாவியின் அமைப்புகளுக்குள் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் இருக்கிறது. குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் எழுத்தை நிரந்தரமாகப் பெரிதாக்கலாம். இரு விரலால் விரிக்கவிடாமல் பூட்டிய தளங்களையும் விரிய வைக்கலாம். ஃபயர்பாக்ஸ், சஃபாரி, சாம்சங் இன்டர்நெட் ஆகியவற்றில் இருக்கும் வாசிப்பு முறையை அழுத்தினால் பக்கத்தில் கட்டுரை மட்டும் மிஞ்சும். படிக்கவே சிரமப்படுபவருக்கு மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உரக்கப் படித்துக் காட்டும். இந்தியத் தமிழுக்கு அந்த நிறுவனம் பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் இரண்டு குரல்கள் வைத்திருக்கிறது. இயந்திரக் குரல்தான், ஆனால் ழகரத்தைக் கடித்து விழுங்காத குரல்.

விளம்பரம் வேறு கதை. ஒரு செய்தியைப் படித்து முடிப்பதற்குள் திரையின் பாதியை மூடும் விளம்பரங்கள் மூன்று முறை வந்து போகும் தளங்கள் உண்டு. பெருக்கல் குறியைத் தேடி அழுத்தினால் அது நகர்ந்து வேறெங்கோ கொண்டுபோய்விடும். வயதானவர்கள் தேவையில்லாத செயலிகளை இறக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆண்ட்ராய்டு குரோமில் துணைநிரல்களைச் சேர்க்க வழி இல்லை. ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கான துணைநிரல் கதவை அகலத் திறந்துவிட்டது. யூபிளாக் ஆரிஜின் என்ற இலவசத் தடுப்பானை அதில் சேர்த்தால் பக்கம் சுத்தமாகிவிடும். சேர்ப்பதற்கும் பொறுமை இல்லாதவருக்கு பிரேவ் ஏற்றது. அதில் தடுப்பு பிறவியிலேயே உண்டு. ஐபோனில் சஃபாரிக்குத் தடுப்புச் செயலிகள் 2015 முதல் கிடைக்கின்றன. விளம்பர வருமானத்தில்தான் நாளிதழ் நடக்கிறது என்ற வாதம் நியாயமானது. மனதுக்கு உகந்த தளத்துக்கு மட்டும் தடுப்பை விலக்கிவைக்க எல்லாத் தடுப்பான்களிலும் வசதி இருக்கிறது. அல்லது சந்தா கட்டலாம், அது இன்னும் நேர்மை.

இன்று ரேஷன் போட்டு டேட்டா செலவழிப்பவர்கள் சென்னையில் குறைவு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு அந்தக் கவலையே மாறிப்போனது. குரோம் தன் சிக்கன முறையை 2022 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஓபரா மினி இன்னும் சுருக்கித் தருகிறது. சிக்னல் மெலிந்த ஊர்களுக்குப் போய்வருபவர் அதை வைத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கையோடு: அதன் அதிகபட்சச் சுருக்க முறையில் பக்கம் நிறுவனத்தின் சர்வரில் பிரிக்கப்பட்டுத்தான் மறுபடி கட்டப்படுகிறது. வங்கிக் காரியம் எதையும் அந்த முறையில் செய்யக் கூடாது.

பணம் சம்பந்தப்பட்ட பழக்கம் உள்ளவர் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்க வேண்டியது முகவரிப் பட்டை. ‘இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று வரும் குறுஞ்செய்தியில் உள்ள லிங்க், மின்வாரியத்தின் பக்கம் போலவே ஒன்றைத் திறக்கும். நிறம், சின்னம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். முகவரி மட்டும் வேறாக இருக்கும். ரிசர்வ் வங்கி இதற்காகவே ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. வங்கிப் பக்கம் என்று திறந்தது அப்படி முடியவில்லை என்றால் உடனே மூடிவிடுவது நல்லது. முகவரியின் முடிவு தெளிவாகத் தெரியும்படி காட்டும் உலாவி இந்தப் பழக்கத்துக்கு ஏற்றது. பட்டையைத் திரையின் அடியில் வைத்துக்கொள்ளும் வசதி ஃபயர்பாக்ஸ், சஃபாரி, குரோம் மூன்றிலும் உண்டு. ஒரு கையில் போனைப் பிடிப்பவரின் கண்ணும் கட்டைவிரலும் அங்கேதான் இருக்கின்றன.

பணக் காரியத்தைப் பாதுகாக்க மிக எளிய வழி இரண்டு உலாவி வைத்துக்கொள்வது. ஒன்றில் வங்கி, மின்வாரியம், மாநகராட்சி, ஐஆர்சிடிசி ஆகியவை மட்டும். அவற்றின் பாஸ்வேர்டுகளும் அங்கேயே. மற்றதில் செய்தி, சமையல், கோயில் நேரம், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் எல்லாம். வீட்டில் பீரோவும் கூடத்து அலமாரியும் தனித்தனியாக இருப்பதைப் போலத்தான். ஒன்றில் தளங்கள் விட்டுவைக்கும் குக்கிகள் என்ற அடையாளக் குறிப்புகள் மற்றதற்குத் தெரியாது என்பதால் துரத்தும் விளம்பரமும் குறையும். இன்காக்னிடோ முறை இதற்கு மாற்று ஆகாது. அது போனில் தடம் பதியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். போய்ச் சேரும் தளத்துக்கும் இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் தெரிவது தெரிந்துகொண்டேதான் இருக்கும். இன்காக்னிடோவிலும் தகவல் சேர்த்ததாக அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க கூகுள் 2024-ல் ஒப்புக்கொண்டது.

உலா என்பது தமிழில் ஒரு சிற்றிலக்கிய வகை. தலைவன் வீதியில் பவனி வருவான். பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்ப்பார்கள். உலா போகிறவர் மீது எல்லார் கண்ணும் இருக்கும் என்பது அந்த இலக்கியத்தின் அமைப்பு. இணைய உலாவும் அப்படித்தான் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்பது, உலாவியைக் கொடுப்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு காலத்தில் இந்தியக் கைபேசிகளில் கொடிகட்டிப் பறந்த யூசி பிரவுசர், பயன்படுத்துபவரின் விவரங்களைப் போதிய பூட்டு இல்லாமல் அனுப்புகிறது என்று டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2015-ல் வெளிப்படுத்தியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. மாற்று தேடியவர்களுக்குப் போனிலேயே தயாராக இருந்தது குரோம். கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரம். சஃபாரி 2020 மார்ச்சிலேயே பிறதளக் குக்கிகளை முழுவதும் தடுத்துவிட்டது. குரோம் பல ஆண்டுகள் சொல்லிவிட்டு 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இரண்டு நிறுவனங்களின் வருமான வழியையும் பார்த்தால் இதன் காரணம் புரியும்.

இந்த இடத்தில்தான் சென்னைக்காரர் கவனிக்க வேண்டிய உலாவி ஒன்று வருகிறது. கூடுவாஞ்சேரி அருகே தலைமையகம் வைத்திருக்கும் சோஹோ, 2023 மே மாதம் ‘உலா’ என்ற பெயரிலேயே ஓர் உலாவியை வெளியிட்டது. 1996-ல் தொடங்கிய இந்த நிறுவனம் மென்பொருள் சந்தாவில் வாழ்கிறது, விளம்பரத்தில் அல்ல. பின்தொடரும் நிரல்களைத் தடுப்பது அந்த உலாவியின் அடிப்படை. கணினிப் பதிப்பில் வேலை, சொந்தம், குழந்தைகள் என்று தனித்தனி முறைகள் உண்டு. மத்திய மின்னணுவியல் அமைச்சகம் 2023 ஆகஸ்டில் அறிவித்த இந்திய உலாவிப் போட்டியில் சோஹோவுக்கு முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் கிடைத்தது. முடிவு வந்தது 2025 மார்ச்சில். தளங்கள் உண்மையானவைதாம் என்று உறுதிசெய்யும் நம் நாட்டுச் சான்றிதழ் ஆணையத்தின் மூலச் சான்றை உலாவி நம்ப வேண்டும் என்பது அந்தப் போட்டியின் நிபந்தனைகளுள் ஒன்று. அதற்குப் பின்னணி உண்டு: 2014-ல் தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் கூகுளுக்கே போலிச் சான்றிதழ்கள் வெளியானபோது, குரோம் இந்தியச் சான்றுகளை ஒருசில முகவரிகளுக்குள் கட்டுப்படுத்தியது. உலாவும் அடியில் குரோமின் திறந்த மூலநிரலான குரோமியம்தான், எஞ்சின் சொந்தமல்ல. ஆயினும் தமிழ்ப் பெயரோடு, விளம்பர வருமானத்தை நம்பாமல், இங்கிருந்தே வரும் ஒரு செயலி என்ற வகையில் இரண்டாவது உலாவியாக வைத்துப் பழகிப்பார்க்கத் தகுந்தது.

அலுவலகக் கணினியில் குரோம் வைத்திருப்பவர் போனிலும் அதையே வைத்தால் திறந்த பக்கங்களும் பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். இந்த வசதி ஃபயர்பாக்ஸ், எட்ஜ், பிரேவ் ஆகியவற்றிலும் இருப்பதால், கணினியையும் சேர்த்தே மாற்றினால் ஒரு மாலைக்குள் வேலை முடிந்துவிடும். ஆங்கில அரசுப் பக்கங்களைத் தமிழில் பெயர்த்துக் காட்டுவதில் குரோம் கைதேர்ந்தது. குழந்தைகளுக்கு உலாவியை மாற்றுவதை விட, ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்று போனிலேயே உள்ள கட்டுப்பாட்டை அமைப்பது பலன் தரும்.

தேர்ந்த பிறகு அதை இயல்புநிலை உலாவியாக அமைக்காவிட்டால் வாட்ஸ்அப் லிங்க்குகள் பழையதிலேயே திறக்கும். ஆண்ட்ராய்டில் அமைப்புகள், ஆப்ஸ், இயல்புநிலை ஆப்ஸ் என்ற வரிசையில் போனால் பிரவுசர் என்ற வரி இருக்கும். ஐபோனில் இந்த உரிமை 2020-ல் வந்தது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் இதற்குக் கட்டுப்படுவதில்லை. தங்களுக்குள் இருக்கும் சிறு உலாவியிலேயே திறக்கின்றன. அங்கே மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, வெளி உலாவியில் திறக்கச் சொல்லிவிட்டுத்தான் எதையும் வாங்கவோ பாஸ்வேர்ட் அடிக்கவோ வேண்டும்.