பீலித் தண்ணீருக்கு யார் பொறுப்பு?



லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கண் மஞ்சளானால் மருந்துக்கு முன்னே ஏச்சு வந்துவிடுகிறது. "இவர்களிடம் சுத்தம் இல்லை" என்கிறார்கள். 2007ஆம் ஆண்டு, இறம்பொடையிலிருந்து மலையிறங்கினால் வரும் கம்பளையிலும் ஏ வகை மஞ்சள் காமாலை பரவியது. அங்கே குடிதண்ணீர் மீதுதான் சந்தேகம் விழுந்தது. நகரத்துக்கு ஒரு நியாயம், லயத்துக்கு ஒரு நியாயமா?

இந்தக் கிருமி நோயாளியின் மலம் கலந்த தண்ணீரோடு வயிற்றுக்குள் போகிறது. வயிற்றின் புளிப்பு நீரிலும் சாவதில்லை. குடலிலிருந்து இரத்தத்தில் ஏறி, ஈரலின் உயிரணுக்களுக்குள் நுழைந்து பெருகி, பித்தத்தோடு மறுபடி மலத்தில் இறங்குகிறது. கண் மஞ்சளாவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே இது தொடங்கிவிடும். நோய் இருப்பது நமக்கே தெரியுமுன் அடுத்தவருக்குப் போய்விடுகிறது. கக்கூஸ் குழி நிரம்பி ஊற்றில் கசிந்தால், நாம் கை கழுவுவதும் அதே தண்ணீரில்தானே?

ஏ வகைக் கிருமி ஈரலில் புகுந்தபின் அதை விரட்ட மருந்து கிடையாது. பெரும்பாலோருக்கு உடம்பே குணமாக்கிக்கொள்ளும். அதற்கு வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். மலைக்குப் போகாத நாளில் நமக்குப் பேர் இல்லை. பேர் இல்லாமல் எந்த வீட்டில் அடுப்பு எரியும்?

இரத்தத்தாலும் பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும் பி வகையைப் பாருங்கள். ஈரல் பித்த உப்பை உள்ளே எடுக்கும் வாசல் வழியாகத்தான் அது நுழைகிறது என்று 2012இல் சீன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த வாசலை அடைக்கும் புலெவிர்டைட் என்ற ஊசி மருந்துக்கு 2020இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. பி கிருமியோடு டி கிருமியும் சேர்ந்து தாக்கியவர்களுக்கான மருந்து அது. நம் நாட்டிலும் 2003 முதல் குழந்தைகளுக்கு பி தடுப்பூசி போடப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத வாசலையே தேடிப்பிடித்து அடைக்கிறார்கள். ஏ கிருமி வரும் வாசலான பீலி எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அதைக் காக்கத்தான் ஆளில்லை.

கேட்டால் நிர்வாகம் அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் நிர்வாகத்தைக் காட்டுகிறது. கொழுந்து நிறுக்கும்போது இந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை.

நாம் கேட்பது இவைதான்: பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துத் தண்ணீரைத் தவறாமல் சோதித்து, முடிவைப் பெரட்டுக் களத்தில் எழுதிப் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குக் குளோரின் போட வேண்டும். குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ், ஊற்றுக்கு எட்டத்தில் வேண்டும். காமாலையில் படுத்தவருக்குச் சம்பளத்தோடு லீவு வேண்டும்.

அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிப்போம். வாந்தி நிற்காவிட்டாலோ, நோயாளி மயங்கிக் குழறினாலோ, கீழாநெல்லியை நம்பிக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். ஆனால் விறகு பொறுக்கித் தண்ணீர் காய்ச்சுவதோடு நம் வேலை முடிந்துவிடாது. அடுத்த தலைவர் கூட்டத்தில் தண்ணீரே முதல் பேச்சாக இருக்கட்டும்.