வாய் எண்ணுவதும் விரல் எண்ணுவதும்

இல்லமே முதற்பள்ளி



விருந்தினர் வந்திருக்கும் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி இது. நான்கு வயதுச் சிறுமியைக் கூடத்தின் நடுவே நிறுத்தி, "மாமாவுக்கு எண்ணிக் காட்டு, கண்ணே" என்கிறாள் தாய். குழந்தையும் ஒன்று முதல் இருபது வரை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறது. எல்லாரும் கைதட்டுகின்றனர். பின்னர் விருந்தினர் தட்டைக் காட்டி, "இதில் எத்தனை வாழைப்பழம்?" என்று கேட்கிறார். இருப்பவை ஐந்தே பழங்கள். குழந்தையின் விரல் ஒரு பழத்தை இருமுறை தொடுகிறது. மற்றொன்றைத் தாண்டிச் செல்கிறது. "எட்டு" என்கிறது குழந்தை. கூடம் சிரிக்கிறது. "இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் இப்படியா?" என்று தாய் கடிந்துகொள்ள, குழந்தை தலைகுனிகிறது.

இதில் குழந்தையின் குற்றம் என்ன? அது கற்றது எண்களின் பெயர்களை, எண்ணுவதை அன்று. பாட்டை மனப்பாடம் செய்வது போல் பெயர்களை மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவே.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான ரோச்செல் கெல்மன், கேலிஸ்டெல் ஆகிய இருவரும் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனைத் தெளிவாக்கினர். எண்ணுவதற்கு மூன்று திறன்கள் இன்றியமையாதவை. எண்களின் பெயர்களை வரிசை மாறாமல் சொல்லவேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு பெயரைத் தரவேண்டும். இறுதியாகச் சொன்ன பெயரே முழுத் தொகை என்று உணரவேண்டும். முதல் திறனை வாய் கற்கிறது. மற்ற இரண்டையும் விரலும் கண்ணும் மனமும் சேர்ந்தே கற்கவேண்டும். இதற்குப் படப்புத்தகம் சிறந்த துணை.

எரிக் கார்ல் என்னும் ஓவியர் 1969-இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் கதை உலகெங்கும் பெயர் பெற்றது. புழு திங்களன்று ஓர் ஆப்பிளைத் தின்கிறது. செவ்வாயன்று இரண்டு பேரிக்காய். இவ்வாறே வளர்ந்து வெள்ளியன்று ஐந்து ஆரஞ்சு. புழு தின்ற இடங்களில் தாளிலேயே துளைகள் இருக்கும். குழந்தை ஒவ்வொரு துளையிலும் விரலை நுழைத்துப் பார்க்கும். ஒரு பழம், ஒரு துளை, ஓர் எண். விரல் அவசரப்பட வழியில்லை!

விலை கொடுத்து வாங்க இயலாவிடினும் கவலை வேண்டா. பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். நாட்காட்டியிலிருந்தும் இதழ்களிலிருந்தும் படங்களை வெட்டி, ஒரு பக்கத்தில் ஒரு பசு, அடுத்ததில் இரண்டு கிளிகள் என ஐந்து வரை ஒட்டுங்கள். படங்கள் பெரியனவாகவும் தனித்தனியாகவும் இருக்கட்டும்.

முதலில் கதையாகச் சொல்லி மகிழ்வியுங்கள். பின்னர்க் குழந்தையின் விரலைப் பற்றி ஒவ்வொரு படத்தின்மேலும் மெல்ல வைத்து எண்ணுங்கள். முடிந்ததும் எல்லாப் படங்களையும் கையால் வளைத்துக் காட்டி, "ஆக, மூன்று பூக்கள்" என்று சொல்லுங்கள். "எத்தனை?" என்று கேட்டால் குழந்தை மீண்டும் முதலிலிருந்து எண்ணக்கூடும். சினவாதீர்கள், இறுதி எண்ணே தொகை என்பது இன்னும் அதன் மனத்தில் பதியவில்லை என்பதற்கு அது அடையாளம். மறுநாள் வலப்புறமிருந்து எண்ணுங்கள். எங்கிருந்து தொடங்கினாலும் மூன்று மூன்றே என்று கண்டுகொள்ளும்போது அதன் முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

கடைசிப் பக்கத்தில் வெறும் கூடு ஒன்றை வரையுங்கள். பறவை எத்தனை? ஒன்றுமில்லை, அதுவே சுழியம். 1907-இல் திருக்காட்சித் திருநாளன்று ரோமையில் எளியோர் வாழும் பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியவரும், 1939-இல் சென்னைக்கு வந்து நம் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவருமான மரியா மாண்டிசோரி அம்மையார், "சுழியம் முறை என்னிடம் வா" என்று குழந்தைகளை அழைத்து விளையாடுவார். ஓடி வந்த குழந்தையிடம், "நீ ஒருமுறை வந்துவிட்டாயே!" என்பார். அசையாமல் அமர்ந்திருப்பதே சரியான விடை எனக் குழந்தைகள் சிரிப்போடு கற்றனர்.

மாலையில் குடும்பச் செபமாலை சொல்லும்போது மணிகளைக் குழந்தையின் கையில் கொடுங்கள். ஒரு மணிக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே'. பத்து மணிகளையும் அதன் விரல் ஒன்றுவிடாமல் கடக்கும். செபமும் பாடமும் ஒருங்கே நிகழும்.

நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போனதை நல்ல ஆயன் எவ்வாறு அறிந்தான்? ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியே எண்ணியதால் அன்றோ! எந்த ஒன்றையும் விட்டுவிடாத அக்கறையே எண்ணுதலின் உயிர். அக்கறையைக் குழந்தை கூட்டத்தின் நடுவே கற்பதில்லை. உங்கள் மடியில் அமர்ந்தே கற்கிறது. இன்றிரவு ஒரு பத்து நிமிடம் அந்த மடியை அதற்குக் கொடுப்பீர்களா?