கீறல்களுக்கு அடியில் ஒரு நாதம்

1918 மார்ச்சில் இசையமைப்பாளர் க்ளோத் தெபுஸ்ஸி இறந்தபோது, ஒரு முழு இசைக்குழுவை உள்ளபடி பதிவு செய்யும் வழி எங்கும் இல்லை. வாத்தியக்காரர்கள் ஒரு கூம்பின் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டு வாசித்தார்கள். டபுள் பாஸின் கீழ் ஸ்தாயி மெழுகில் விழாது என்பதால் ட்யூபாவைக் கொண்டு நிரப்பினார்கள். 1904ல் மேரி கார்டன் பாட, தெபுஸ்ஸி பியானோ வாசித்த சில இசைத்தட்டுகள் இருக்கின்றன. ‘கடல்’ என்ற தன் பெரும்படைப்பை அவரே மேடையில் நடத்தியிருக்கிறார்; அதில் ஒரு நொடிகூட மிஞ்சவில்லை.

வேறு இசையாக இருந்தால் இந்த இழப்பு இவ்வளவு உறுத்தாது. பீத்தோவனின் சிம்பொனியைப் பியானோவில் வாசித்தாலும் அதன் கட்டுமானம் நிற்கும். தெபுஸ்ஸியிலும், அவர் காலத்து இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவெலிலும் எந்த வாத்தியம், எந்த ஸ்தாயியில், எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறது என்பதே பாதி இசை. 1894ல் பாரிஸில் அரங்கேறிய தெபுஸ்ஸியின் ‘வனதேவனின் பிற்பகல்’ தனிப் புல்லாங்குழலில் தொடங்குகிறது. அந்தச் சுரங்களை வயலினிடம் கொடுத்தால் படைப்பே வேறாகிவிடும்.

1925ல் ஒலிப்பதிவுக்கு மைக்ரோபோன் வந்தது. 1930 ஜனவரியில் ராவெல் லமுரூ இசைக்குழுவை நடத்தித் தன் ‘பொலேரோ’வைப் பதிவு செய்தார். தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் அடங்கும். முதல் சுரத்திலிருந்து கடைசிவரை ஒரே ஏற்றமாக வளரும் அந்தப் படைப்பை, தட்டைத் திருப்பியும் மாற்றியும்தான் அன்று கேட்க முடிந்தது. ஆனாலும் அந்தக் கீறல்களுக்கு அடியில், இன்று எந்தப் பெருநகர மேடையிலும் எளிதில் கிடைக்காத ஒரு நாதம் இருக்கிறது. புல்லாங்குழல், கிளாரினெட் இரண்டுக்கும் பிறகு பாசூன் அந்த மெட்டை மேல் ஸ்தாயியில் எடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். அது பிரெஞ்சு பாசூன். ஜெர்மன் பாசூனைவிடக் குழல் குறுகலானது, குரல் மெலிந்து, நாணலின் உரசல் தெரியும். அந்நாளைய பிரெஞ்சு ஹார்னும் அப்படித்தான், சன்னமாக, லேசான அசைவோடு ஒலிக்கும். இந்தக் குரல்களை மனதில் கேட்டபடிதான் தெபுஸ்ஸியும் ராவெலும் எழுதினார்கள்.

1912ல் ராவெலின் ‘டாஃப்னிஸும் க்ளோயேயும்’ பாலேயின் அரங்கேற்றத்தை நடத்திய பியேர் மோந்த்தோ, 1959ல், 84 வயதில், அதை லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு முழுமையாகப் பதிவு செய்தார். காலப்பிரமாணத்தில் அதை மிஞ்ச ஆளில்லை என்பது என் தீர்ப்பு. ஆனால் ஊதியவர்கள் லண்டன்காரர்கள். பாரிஸின் நாதம் வேண்டுமென்றால், ஆந்த்ரே க்ளூய்த்தான்ஸ் 1961, 62ல் பாரிஸ் கான்சர்வத்வார் இசைக்குழுவோடு பதிவு செய்த ராவெலுக்குத்தான் போகவேண்டும்.

1828ல் தோன்றிய அந்தக் குழு 1967ல் கலைக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஆர்கெஸ்த்ர் த பாரி, எழுபதுகளில் ஜெர்மன் பாசூனுக்கு மாறியது. ஊர் ஊராகச் சென்ற நடத்துநர்கள் எங்கும் ஒரே சீரான ஒலியை எதிர்பார்த்தார்கள். அந்தச் சீர்மையை உலகெங்கும் பழக்கியதில் இசைத்தட்டுக்கே பெரும்பங்கு உண்டு என்று நினைக்கிறேன். காத்து வைத்த கருவியே அழிக்கவும் துணைபோனது.

2003ல் ஃப்ரான்ஸ்வா-சாவியே ரோத் தொடங்கிய லே சியேக்ல் குழு, அந்தக் காலத்து வாத்தியங்களையே தேடியெடுத்து ‘கடல்’, ‘டாஃப்னிஸ்’ இரண்டையும் பதிவு செய்திருக்கிறது. மகத்தான வேலை. ஆனால் வாத்தியத்தை மீட்கலாம். அதை ஊதிய தலைமுறையின் மூச்சுப் பழக்கம் பழைய பதிவுகளில் மட்டுமே இருக்கிறது.

1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் ஐரோப்பாவில் முடிந்துவிட்டது. யாரும் மறுபதிப்பு செய்யலாம். அப்படிச் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இரைச்சலை ஒரேயடியாகத் துடைக்காதீர்கள். துடைக்கும்போது மேல் அலைவரிசைகளும் சேர்ந்து போகின்றன. பாசூனின் அந்த உரசல் இருப்பது அங்கேதான். மூல நாடாக்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றை வடிகட்டாமல் வெளியிட வேண்டும்.