செயற்கைக்கோளுக்குப் பாலம் தெரியாது

2024 நவம்பர். உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, செல்போன் வரைபடம் காட்டிய வழியில் சென்றதாகச் சொல்லப்படும் கார், முன்பே வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து ராமகங்கை ஆற்றில் விழுந்தது. மூவர் பலி.

செயற்கைக்கோள்கள் சொல்வது நீங்கள் இருக்கும் இடத்தை மட்டுமே. நான்கின் சிக்னல் கிடைத்தால் அதற்குப் போதும். எதிரே சாலை இருக்கிறதா என்பது வரைபடத்தின் பொறுப்பு.

எனவே வழிகாட்டிக் கருவி வாங்கும்போது திரையின் அகலத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வரைபடம் எப்போதெல்லாம் புதுப்பிக்கப்படும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, செல்போன் சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வேலை செய்யுமா என்று கேளுங்கள்.

போகுமிடத்தைக் கிளம்பும் முன்பே பதிவு செய்யுங்கள். பிறகு வழியைக் காது கேட்கட்டும். கண் சாலையில் இருக்கட்டும். ஆளில்லாத குறுக்கு வழியைக் காட்டினால், திருப்பத்து டீக்கடையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். பாலம் இடிந்த சேதி அங்கேதான் முதலில் தெரியும்.