ஊசியில் அரசியல் வேண்டாம், ஊசிக்காக அரசியல் செய்வோம்!



"கர்ப்பிணிகளுக்கு ஊசி போடாதீங்க, வயித்துல இருக்குற குழந்தைக்கு ஆபத்து" என்று ஒரு ஆடியோ உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்திருக்கும். பேசுறவர் யாருன்னு தெரியாது. எந்த ஊர், எந்த வருஷம்னு தெரியாது. ஆனா "அனைவருக்கும் பகிரவும்" என்பது மட்டும் மறக்காம இருக்கும்.

நம்ம தோழர்கள் சிலரும் இதை ஃபார்வர்ட் செய்கிறார்கள். அரசு போடுற ஊசிதானே, அரசைத் திட்ட இதுவும் ஒரு வாய்ப்பு என்று நினைக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் முதலில் இந்தப் பதிவு.

ஆட்சியில் இருப்பவர்களை விமர்சிக்க ஆயிரம் காரணம் இருக்கு. தடுப்பூசியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீங்க. உங்க ஃபார்வர்டால் எந்த அமைச்சருக்கும் நஷ்டம் இல்லை. நஷ்டம் துணை சுகாதார நிலையத்துக்குப் போகலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கிற ஒரு தங்கச்சிக்குத்தான்.

கர்ப்ப காலத்தில் ஊசி எதுக்கு?

குழந்தைக்கான பெண்டாவேலன்ட் ஊசி ஆறாவது வாரத்தில்தான் தொடங்குகிறது. அதுவரை அந்தப் பச்சிளங் குழந்தைக்குப் பல நோய்களுக்கு எதிராக இருக்கிற பாதுகாப்பு அம்மா கொடுத்ததுதான். அம்மாவுக்கு ஊசி போட்டதும் அவங்க உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகுது. அது நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போகுது. பிறக்கும்போதே குழந்தை அந்தக் கவசத்தோடு வருது. இதுதான் விஷயம், இதில் மர்மம் எதுவும் இல்லை.

ரண ஜன்னியை எடுத்துக்கோங்க. அந்தக் கிருமி மண்ணில் இருக்கு, சாணத்தில் இருக்கு. சுத்தமில்லாத பிளேடால் தொப்புள்கொடியை வெட்டினால் போதும், குழந்தைக்குத் தொற்றிவிடும். பிறந்து சில நாட்களில் பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து குழந்தைகள் செத்துப்போன நாடு இது. 2015-ல் தாய், சேய் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. ஒழித்தது என்றால், எந்த மாவட்டத்திலும் 1,000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று அர்த்தம். கிருமி இன்னமும் மண்ணில்தான் இருக்கு. ஊசியை நிறுத்தினால் நோய் திரும்ப வரும்.

"எங்க பாட்டி பத்து பெத்தாங்க, ஊசியா போட்டாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. பத்து பெத்ததைப் பெருமையா சொல்றோம். அதில் எத்தனை தங்கிச்சுன்னு பாட்டிகிட்ட ஒருதரம் கேட்டுப் பாருங்க.

இப்போது அரசு மருத்துவமனைகளில் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுறாங்க. கர்ப்பம் தெரிந்ததும் முதல் ஊசி. நான்கு வாரம் கழித்து இரண்டாவது. மூன்று வருஷத்துக்குள் முந்தைய பிரசவத்தில் இரண்டு ஊசியும் போட்டிருந்தால் இந்தமுறை ஒன்றே போதும். கை வலிக்கும், லேசா காய்ச்சல் வரலாம், சீக்கிரம் சரியாகிடும்.

எல்லா ஊசியும் கர்ப்பத்தில் போடக்கூடியது இல்லை என்பதும் உண்மை. தட்டம்மை–ருபெல்லா ஊசியைக் கர்ப்பிணிகளுக்குப் போடமாட்டாங்க. அது கர்ப்பத்துக்கு முன்னாடியே போட்டிருக்க வேண்டியது. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம்.

2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா ஊசி முகாம் நடந்தது. அப்பவும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. பயந்து பல பெற்றோர் பிள்ளைகளை ஊசி போட அனுப்பவில்லை. அன்றைக்குப் பத்தாம் வகுப்பில் இருந்த மாணவி இன்றைக்கு இருபதுகளில் இருக்கிற பெண். அவங்கதான் இப்போது தாயாகிறாங்க. ஃபார்வர்ட் பண்ணினவங்க அன்றைக்கே மறந்துட்டாங்க. அதோட விளைவைச் சுமக்கிறது வேற யாரோ.

சரி, அரசை எதுவும் கேட்கக் கூடாதா? கேட்கணும். கேட்க வேண்டிய கேள்வி வேற.

கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு ஒன்றிய சுகாதார அமைச்சகம் அனுமதி கொடுத்தது ஜூலை 2-ல். ஐந்தரை மாதம். இடையில் இரண்டாம் அலை வந்து போனது. தொற்றுக்கு ஆளான கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார்களில் இறந்தவர்கள் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வே சொன்னது. ஆராய்ச்சியிலும் கொள்கையிலும் கர்ப்பிணிகளைக் கடைசியில் நிறுத்தினால் இதுதான் நடக்கும்.

அடுத்தது ஃப்ளூ காய்ச்சல். ஃப்ளூ தடுப்பூசி போடும் நாடுகள் கர்ப்பிணிகளுக்கு முதல் முன்னுரிமை தர வேண்டும் என்று 2012-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. அதே ஆண்டு பிரிட்டனில் கக்குவான் இருமலால் பச்சிளங் குழந்தைகள் இறந்தபோது, அந்த நாட்டு அரசு அக்டோபரிலேயே கர்ப்பிணிகளுக்கு அதற்கான ஊசியைத் தொடங்கியது. நம்ம நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பும் இந்த இரண்டு ஊசிகளையும் பரிந்துரைக்கிறது.

ஆனால் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் கர்ப்பிணிகளுக்கு என்று இருப்பது ரண ஜன்னி–தொண்டை அடைப்பான் ஊசி மட்டும்தான். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவங்க காசு கொடுத்து மற்ற இரண்டையும் போட்டுக்கிறாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்பியிருக்கிற கூலி வேலை செய்யும் அக்காவுக்கு அப்படி இரண்டு ஊசி இருப்பதே தெரியாது. குழந்தைக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை அப்பாவின் சம்பளம் முடிவு செய்யுது. பிறப்பால் வரும் பாகுபாட்டை எதிர்க்கிற நாம், பிறக்கும் முன்னாடியே வருகிற இந்தப் பாகுபாட்டைச் சும்மா விடலாமா?

நம் கோரிக்கைகள் மூன்று:

1. ஃப்ளூ, கக்குவான் இருமல் ஊசிகளைக் கர்ப்பிணிகளுக்கான தேசிய அட்டவணையில் ஒன்றிய அரசு சேர்க்க வேண்டும்.
2. அதுவரை மாநில அரசு தன் நிதியில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இவற்றை இலவசமாகத் தர வேண்டும்.
3. வீடு வீடாகப் போகிற கிராம சுகாதார செவிலியர் பணியிடம் ஒன்றுகூட காலியாக இருக்கக் கூடாது. வதந்திக்குப் பதில் சொல்ல அவரைவிட நம்பகமானவர் ஊரில் இல்லை.

தோழர்களே, உங்களுக்கும் வேலை இருக்கு. உங்க தெருவில் கர்ப்பமா இருக்கிற அக்கா, தங்கச்சி, அண்ணி யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவங்க பிக்மி எண் வாங்கிட்டாங்களா, இரண்டாவது ஊசி போட்டாச்சான்னு வீட்டுல கேளுங்க. புதன்கிழமை தடுப்பூசி நாளில் போய்வர ஆள் இல்லைன்னா வண்டியை எடுங்க. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுற வீடுன்னு பார்க்காதீங்க. சந்தேகம் இருந்தா செவிலியரிடமோ டாக்டரிடமோ கேட்கச் சொல்லுங்க, நீங்களா மருத்துவம் சொல்லாதீங்க.

அடுத்த தடவை அந்த ஆடியோ வந்தா, டெலிட் பண்றதோட நிறுத்தாதீங்க. அதுக்குக் கீழேயே இந்தப் பதிவைப் போடுங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி

#தாய்சேய்நலம் #தடுப்பூசிநம்உரிமை