செங்கல்லாக்கியது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருட்டும் ஒப்பந்தத் தொழிலாளி, மிச்சம் பிடித்த காசில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் மகனுக்குப் பழைய கைவிளையாட்டுக் கருவி ஒன்று வாங்குகிறார். தானே எழுதிய நிரலை அதில் ஓட்டிப் பார்க்கப் பையனுக்கு ஆசை. புதிய ஃபர்ம்வேர் விடுவதில்லை. பழைய பதிப்புக்கு இறக்கும் வீட்டுத் தயாரிப்பு நிரலை ஏற்றுகிறான். கருவி மாண்டு போகிறது. "கண்டதை ஏற்றினாய், குற்றம் உன்னுடையதே!" என்று கம்பெனிகளின் வக்காலத்துக்காரர்கள் உபதேசிக்கிறார்கள். அப்படித்தானா?

ஆபத்து உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. 2005-ல் சோனியின் பி.எஸ்.பி. கருவியை 2.00 பதிப்பிலிருந்து 1.50-க்கு இறக்க வழி கண்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அந்த வேலையைச் செய்வதாக வேடமிட்டு ஒரு நாசகார நிரல் வந்தது. உயிர்நாடியான நான்கு கோப்புகளை அழித்துக் கருவியைக் கொன்றது. 2006-ல் வேறொரு தொல்லை. டி.ஏ.-082 என்ற புதிய மின்பலகை கொண்ட கருவிகளில் 1.50-ஐ ஏற்றியவர்கள் கருவியையே இழந்தார்கள். நிரலில் வஞ்சகம் இல்லை; பலகை வேறு! இப்படி மாண்ட கருவிக்குச் 'செங்கல்' என்று பெயர். நமது திருவள்ளூர்ச் சூளைகளில் வேகும் செங்கலாவது சுவர் எழுப்ப உதவும். இது எதற்கு உதவும்?

ஆனால் மாண்டது மாண்டதுதானா? 2007-ல் 'பண்டோரா பாட்டரி' வந்தது. பாட்டரியின் வரிசை எண்ணை மாற்றிச் செருகியதும், செத்த கருவி மெமரி ஸ்டிக்கிலிருந்து உயிர் பெற்றது. மந்திரமா? இல்லை! பழுதுபார்ப்புக்கென்று கம்பெனியே உள்ளே வைத்திருந்த கதவு அது. உயிர் கொடுக்கும் சாவி அவர்கள் பெட்டியில். பழி மட்டும் பையன் தலையில்! இது என்ன நியாயம்?

2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் இன்னும் ஒரு படி மேலே போனது. பதிப்பு உயரும்போது சில்லுக்குள் இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்களை எரிக்கிறது. பிறகு பழைய பதிப்பை வைத்தால் எழ மறுக்கிறது. களவு விளையாட்டைத் தடுக்கிறார்களாம்! களவை நாமும் ஆதரிக்கவில்லை. அதற்காகக் காசு கொடுத்தவன் திரும்பும் பாதையை எரிப்பதா?

வாலிபர்களே! பலகை எண்ணைப் பாராமல் இறக்காதீர்கள். பலர் சோதித்துச் சொல்லாத நிரலைத் தொடாதீர்கள். உள்நினைவகத்தின் நகலை முதலில் எடுங்கள். பாட்டரியை முழுக்க நிரப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையவாயிலைத் திறந்தது. வாயில் போதாது, சட்டம் வேண்டும்! கருவியை விற்கிறவன் மீட்புச் சாவியையும் சேர்த்தே தர வேண்டும் என்று கேட்போம்!